பழைய கேம்கார்டர் டேப்புகளைப் பழைய கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக ஏற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பை. உள்ளே கேம்கார்டர், பின்னிக்கொண்டு கிடக்கும் கேபிள்கள், முதுகில் பேனாவால் தேதி எழுதிய பத்துப் பன்னிரண்டு சின்ன டேப்புகள். இப்படி ஒரு பை நிறைய வீடுகளில் இருக்கிறது. என்னிடமும் இருந்தது. என் அப்பா பேசுவது பதிவான ஒரே டேப் அதற்குள்தான் இருந்தது. அதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி முடிக்கும் வரை எனக்கு நிம்மதி இல்லை. அந்த அனுபவத்தில் கற்றதையும், அதன்பின் உறவினர்கள் கொடுத்த டேப்புகளை ஏற்றித் தந்தபோது தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

“நல்ல புதுக் கம்ப்யூட்டர் வாங்கினதும் செய்துக்கலாம்” என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. இந்த வேலைக்குத் தேவையான, கேமராவின் படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் ஃபயர்வயர் என்ற இணைப்புத் துளை (போர்ட்) புதுக் கம்ப்யூட்டர்களில் கிடையாது, பழையதில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், டேப் நாளுக்கு நாள் நலிகிறது. டேப்பை விட வேகமாக அதை ஓட்டும் கேமரா நலிகிறது. மினிடிவி (MiniDV) என்ற சின்ன டேப்பில் பதியும் கேமராவை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் உருளையும் பெல்ட்டும் ஒருமுறை இறுகிப்போனால், சரிசெய்ய ஆள் கிடைப்பது பெரும்பாடு. கேமரா ஓடுகிற வரைதான் நமக்கு அவகாசம்.

முதலில், கையில் இருப்பது என்ன ரகம்?

டேப்பின் மேலோ கேமராவின் பக்கவாட்டிலோ உள்ள முத்திரையைப் பாருங்கள். மினிடிவி, டிஜிட்டல்8, ஹெச்டிவி என்று இருந்தால் உங்களுக்கு வேலை சுலபம். இவை மூன்றும் டிஜிட்டல் டேப்புகள். வீடியோ8, ஹை8, விஹெச்எஸ்-சி என்றால் அனலாக். மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், சின்ன டிவிடி ஆகியவற்றில் பதியும் கேமராக்கள் மூன்றாவது வகை. கடைசி இரண்டையும் பின்னால் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் கிடப்பது மினிடிவிதான் என்பதால் அதை விரிவாகப் பார்ப்போம்.

மினிடிவி 1995-ல் வந்தது. டேப்பின் அகலம் கால் அங்குலம்தான். ஆனால் அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தகவல். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஃபயர்வயர் வழியாக நீங்கள் செய்வது மறுபடி ஒரு ரெக்கார்டிங் அல்ல. டேப்பில் இருக்கும் தகவலை அப்படியே எடுத்து டிஸ்கில் வைக்கிறீர்கள். படத்தின் தரம் இம்மியும் குறையாது. அதே கேமராவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களில் இணைத்தால், டிஜிட்டல் படம் அனலாகாக மாறி, மறுபடி டிஜிட்டலாகி, தேய்ந்துபோய் வந்து சேரும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அந்தப் பாதையில் போங்கள்.

சரியான போர்ட், சரியான கேபிள்

ஃபயர்வயருக்குப் பல பெயர்கள். கம்ப்யூட்டர் கையேட்டில் ஐஇஇஇ 1394 என்று இருக்கும், சோனி கேமராவில் ஐ-லிங்க் என்று இருக்கும், மற்ற கேமராக்களில் வெறுமனே ‘டிவி’ (DV, தொலைக்காட்சி அல்ல) என்று அச்சிட்டிருக்கும். எல்லாம் ஒன்றுதான். கேமராவில் இருப்பது நான்கு முள் கொண்ட சின்னத் துளை. மேசைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஆறு முள், பல லேப்டாப்களில் நான்கு முள், பிற்கால ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் ஒன்பது முள். இரண்டு முனையையும் பார்த்துவிட்டு அதற்கேற்ற கேபிளை வாங்குங்கள்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, கேமராவில் யூஎஸ்பி போர்ட்டும் இருக்கும். “இதிலேயே இணைத்துவிடலாமே” என்று தோன்றும். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் அந்த யூஎஸ்பி, கார்டில் எடுத்த போட்டோக்களை மாற்றுவதற்கும் கேமராவை வெப்கேம் போலப் பயன்படுத்துவதற்கும் வைத்தது. டேப் படத்தை அதன் வழியாக அனுப்பினாலும் தபால்தலை அளவில், மங்கலாகத்தான் வரும். இரண்டாவது பொறி, ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யூஎஸ்பியும் வைத்து விற்கும் சின்ன இணைப்பான்கள். உள்ளே வெறும் ஒயர்தான். இரண்டும் பேசும் மொழியே வேறு என்பதால் கம்ப்யூட்டருக்குக் கேமரா தெரியவே தெரியாது. அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் போர்ட் இல்லையென்றால் பிசிஐ கார்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். லேப்டாப் என்றால் பக்கவாட்டுத் துளையில் செருகும் பிசி கார்டு அல்லது எக்ஸ்பிரஸ் கார்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சிப் உள்ள கார்டு கிடைத்தால் அதையே எடுங்கள். கேமராக்களோடு சண்டை போடாமல் வேலை செய்வதில் அதற்கு நல்ல பெயர். எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 மூன்றிலும் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவற்றில் கேமரா தெரியாவிட்டால் மைக்ரோசாஃப்டின் ‘1394 லெகசி’ டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

கேபிளைச் செருகும்போது ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் மிக முக்கியமானது: கேமராவையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். ஆறு முள் போர்ட்டில் மின்சாரமும் வருகிறது. அந்தப் பிளக்கின் ஒரு முனை மட்டும் கூராகக் குறுகியிருக்கும். பழைய போர்ட்டில் தகடு தளர்ந்திருந்தால் தலைகீழாகக்கூட உள்ளே போய்விடும். அப்படிப் போனால் கேமராவின் டிவி போர்ட் ஒரு நொடியில் எரிந்துவிடும். டேப் நன்றாக ஓடும், சின்னத் திரையில் படம் தெரியும், ஆனால் வெளியே எடுக்க வழியில்லாமல் போய்விடும். டார்ச் அடித்துப் போர்ட்டின் வடிவத்தைப் பார்த்து, மென்மையாக அழுத்துங்கள். முரண்டு பிடித்தால் அழுத்தாதீர்கள்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்தல்

ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். நொடிக்கு 3.6 எம்பி என்ற கணக்கு. முதலில் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை டேப் என்று முடிவு செய்யுங்கள். பென்டியம் 3 காலத்துக் கம்ப்யூட்டரே இதற்குப் போதும், ஏனென்றால் பிராசஸருக்குக் கணக்குப் போடும் வேலை அதிகமில்லை. சோதனையெல்லாம் ஹார்ட் டிஸ்குக்குத்தான். ஒரு மணி நேரம் மூச்சு வாங்காமல் நொடிக்கு 3.6 எம்பி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் திணறினால் அந்த நொடியின் ஃபிரேம்கள், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள், போய்விடும்.

டிஸ்க் எந்த முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்று ‘பிராப்பர்டீஸ்’ திறந்து பாருங்கள். ஃபேட்32 என்றிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. அதாவது 18 நிமிடம் சொச்சத்தில் பதிவு நின்றுவிடும். “எத்தனை தடவை செய்தாலும் இருபது நிமிஷத்துக்குள்ள நின்னுடுது” என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். என்டிஎஃப்எஸ்-ஆக மாற்றிவிட்டால் தீர்ந்தது. விண்டோஸிலேயே இருக்கும் ‘கன்வர்ட்’ கட்டளை, உள்ளே இருப்பதை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் முக்கியமான ஃபைல்களை முன்கூட்டியே வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பியில் பலருக்கும் தெரியாத கோளாறு ஒன்று உண்டு. டிஸ்கில் அடுத்தடுத்துப் பிழை வந்தால் விண்டோஸ் தானாகவே, டிஸ்கில் எழுதப் பயன்படுத்தும் டிஎம்ஏ என்ற வேகமான முறையை விட்டு, மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். பிறகு தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர், அதில் ‘பிரைமரி ஐடிஇ சேனல்’, அதில் ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ போய்ப் பாருங்கள். பிஐஓ என்று காட்டினால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் வைக்கும். மறுபடியும் இறங்கினால் உள்ளே இருக்கும் பட்டை கேபிளை மாற்றுங்கள்.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. ஸ்கிரீன்சேவர், ஸ்டேண்ட்பை இரண்டையும் நிறுத்துங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அதன் பிறகு ஆன்டிவைரஸை நிறுத்தி வையுங்கள். டிஸ்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்க, டிஃப்ராக் செய்யுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் இல்லாத டிஸ்கில் பதியுங்கள். வெளி டிஸ்கில் நேரடியாகப் பதிய வேண்டாம், அதிலும் யூஎஸ்பி 1.1 காலத்துப் போர்ட் என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம்.

டேப்பையும் கேமராவையும் தயார் செய்தல்

வருஷக்கணக்கில் சும்மா கிடந்த டேப்பை எடுத்தவுடன் ஓட்டாதீர்கள். அறையின் வெப்பத்துக்குச் சில மணி நேரம் பழகட்டும். குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்தால் உள்ளே ஈரம் படிந்து, டேப் சுழலும் உருளையில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. டேப்பின் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை ‘சேவ்’ பக்கம் தள்ளுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. பிறகு கடைசி வரை ஓட்டி, மறுபடி முதலுக்குச் சுற்றுங்கள். இறுக்கம் சீராகி, ஓட்டம் நிதானப்படும்.

கேமராவைச் சார்ஜரில் இணைத்தே ஓட்டுங்கள். பேட்டரியை நம்ப வேண்டாம். டேப் எந்தக் கேமராவில் பதிவானதோ அதே கேமராவில் ஓட்டுவது உத்தமம். 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் பிடிக்க ‘எல்பி’ முறையில் பதிந்திருந்தால் இது இன்னும் அவசியம். எல்பி டேப்புகள் வேறு கேமராவில் பல நேரம் சிதறும்.

படம் சிதறுவதைப் பார்த்ததும் டேப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சிதறல் எப்படி இருக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். கேமராவுக்குள் சுழலும் உருளையில் இரண்டு ஹெட்டுகள் இருக்கின்றன. அவை மாறி மாறிப் படிக்கும். நம் நாட்டில் புழங்கும் பால் (PAL) என்ற வீடியோ முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் டேப்பில் 12 தடங்களாகப் பதிவாகியிருக்கும், ஒவ்வொரு தடத்திலும் படத்தின் ஒரு கிடைமட்டப் பட்டை. ஒரு ஹெட்டில் அழுக்கு அடைத்தால், படத்தில் ஒரு பட்டை தெளிவாகவும் அடுத்த பட்டை உறைந்தும், ஒன்றுவிட்டு ஒன்றாக, கரை போட்ட துணி மாதிரித் தெரியும். அப்படித் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், டேப்பில் குறையில்லை. உலர் கிளீனிங் கேசட்டைப் போட்டுப் பத்து வினாடி ஓட்டுங்கள். அதைத் திருப்பிச் சுற்றக் கூடாது. அடிக்கடி போடவும் கூடாது, ஹெட்டைத் தேய்க்கும். அங்கங்கே சின்னச் சின்னச் சதுரங்கள் மட்டும் வந்துபோனால் அந்த இடத்தில் டேப்பே தேய்ந்திருக்கலாம்.

எந்த மென்பொருள்?

எக்ஸ்பியில் இருக்கும் மூவி மேக்கரே போதும். ஆனால் அது முதலில் காட்டும் ‘பெஸ்ட் குவாலிட்டி’ என்ற தேர்வை நம்பிவிடாதீர்கள். பெயர்தான் அப்படி, உண்மையில் படத்தைச் சுருக்கி டபிள்யூஎம்வி ஃபைலாக்கிவிடும். அதற்குக் கீழே உள்ள ‘டிவி-ஏவிஐ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டேப்பில் உள்ளது அப்படியே வருவது அதில்தான்.

என் தேர்வு வின்டிவி என்ற சின்ன இலவச மென்பொருள். பழைய கம்ப்யூட்டருக்கு அது பாரமே இல்லை. பதிவாகும்போதே எத்தனை ஃபிரேம் தவறியது என்று எண்ணிக் காட்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, மினிடிவி டேப்பில் படத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கும் தேதியையும் நேரத்தையும் படித்து, ஃபைலின் பெயரிலேயே போட்டுவிடுவது. நேரம் தாவும் இடங்களில் வெட்டித் தனித்தனி ஃபைலாகவும் தரும். எந்த நாள் எடுத்தது என்பதே மறந்துபோன காட்சிக்குப் பக்கத்தில் தேதி வந்து நிற்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. அமைப்புகளில் ‘டைப்-2 ஏவிஐ’ என்று வையுங்கள், பிற்பாடு எடிட் செய்ய வசதி. ‘எவ்ரி என்த் ஃபிரேம்’ என்ற இடத்தில் 1 இருக்கட்டும். லினக்ஸ் என்றால் டிவிகிராப், ஆப்பிள் என்றால் ஐமூவி. ஹெச்டிவி டேப்புக்கு ஹெச்டிவிஸ்பிளிட்.

பதிவு

இணைப்பு எல்லாம் கொடுத்துவிட்டு, கேமராவைப் ‘பிளே’ அல்லது ‘விசிஆர்’ நிலையில் வையுங்கள். கம்ப்யூட்டர் ஒரு மணி அடித்து, கேமரா வந்திருப்பதைச் சொல்லும். முதலில் ஒரு நிமிடம் மட்டும் பதிந்து நிறுத்துங்கள். ஓட்டிப் பாருங்கள், படம் மட்டுமல்ல, சத்தத்தையும் கேளுங்கள். அந்த ஒரு நிமிட ஃபைல் 200 எம்பிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இருபது முப்பது எம்பிதான் இருக்கிறது என்றால் எங்கோ சுருக்கும் அமைப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது, மறுபடி பாருங்கள்.

சரியாக இருந்தால் டேப்பை முதலுக்குச் சுற்றி, முழுவதையும் பதியத் தொடங்குங்கள். ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம் ஆகும். இதில் அவசரத்துக்கு வழி இல்லை. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் வேறெதுவும் செய்யாதீர்கள். தவறிய ஃபிரேம் எண்ணிக்கை தொடக்கத்தில் ஒன்றிரண்டு காட்டினால் கவலை இல்லை. நடுவில் ஏறினால் நேரத்தைக் குறித்து வைத்து, அந்தப் பகுதியை மட்டும் பின்னால் மறுபடி எடுங்கள்.

காட்சிகளுக்கு நடுவே டேப்பில் வெற்றிடம் இருந்தால் மென்பொருள் நின்றுவிடலாம். டேப் முடிந்துவிட்டது என்று நினைக்காமல் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். வெற்றிடத்துக்கு அப்பால் காட்சி இருப்பது சகஜம். சத்தத்தில் இன்னொரு சிக்கல்: கேமராவில் 12-பிட், 16-பிட் என்று இரண்டு ஆடியோ முறைகள் உண்டு. ஒரே டேப்பில் பாதியில் முறை மாறியிருந்தால், மாறிய இடத்திலிருந்து சத்தம் இரைச்சலாகவோ வேகம் மாறியோ வரும். அந்த இடத்தில் நிறுத்தி, புது ஃபைலாகத் தொடங்கினால் சரியாகிவிடும்.

அப்பாவின் டேப்பில் 34-வது நிமிடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. குரல் இரண்டு இடத்தில் விழுங்கிப் போனது. ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி எடுத்தேன். உடைசல் வேறு இடத்தில் வந்தது. மூன்றாவது முறை எடுத்தபோது அவர் பேசிய அந்த வாக்கியம் முழுதாகக் கிடைத்தது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பிழை ஒரே இடத்தில் விழுவதில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்கூடாகப் பார்த்தேன். அதனால் சிதறும் பகுதியை இரண்டு மூன்று தடவை எடுத்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல துண்டுகளைச் சேர்த்துப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

அனலாக் டேப்புகள்

ஹை8, வீடியோ8 டேப் என்றால், உறவினர் யாரிடமாவது டிஜிட்டல்8 கேமரா இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1999-ல் சோனி கொண்டுவந்த அந்தக் கேமராக்களில் பல மாடல்கள், பழைய அனலாக் டேப்பை ஓட்டிக்கொண்டே டிஜிட்டலாக மாற்றி ஃபயர்வயரில் அனுப்பும். அதன்பின் மேலே சொன்ன அதே முறைதான். சில மினிடிவி கேமராக்களும் மஞ்சள் ஒயரில் வரும் படத்தை வாங்கி ஃபயர்வயரில் கடத்தும். மெனுவில் ‘ஏவி – டிவி’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் யூஎஸ்பி கேப்சர் கருவி. கம்ப்யூட்டரில் யூஎஸ்பி 2.0 கட்டாயம் வேண்டும். யூஎஸ்பி 1.1-ன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட்தான், அது தாங்காது. எஸ்-வீடியோ இணைப்பு இருந்தால் மஞ்சள் ஒயரை விட அது தெளிவு, ஆனால் அதில் படம் மட்டுமே வரும். சத்தத்துக்குச் சிவப்பு, வெள்ளை ஒயர்களையும் மாட்ட மறக்காதீர்கள்.

கார்டு, ஹார்ட் டிஸ்க், சின்ன டிவிடி

இவற்றில் பதிவாகியிருப்பது ஏற்கெனவே ஃபைல். நகல் எடுத்தால் போதும். 2006-ல் வந்த ஏவிசிஹெச்டி வகைக் கேமராக்களில் எம்டிஎஸ் என்று முடியும் வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், அந்த ஃபோல்டரை முழுதாக அப்படியே எடுங்கள். நீளமான காட்சியைக் கேமரா துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். அவற்றைச் சேர்க்கும் குறிப்புகள் மற்ற ஃபைல்களில் இருக்கின்றன. பழைய கார்டு ரீடர் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளைப் படிக்காமல் போகலாம். அப்போது கேமராவையே யூஎஸ்பியில் இணைத்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் இந்தப் படங்கள் திக்கித் திணறி ஓடினால் பயப்பட வேண்டாம். ஓட்டத்தான் திணறுகிறது, ஃபைலில் குறையில்லை.

8 செ.மீ. டிவிடியை முதலில் கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் காலி டிஸ்க் என்று சொல்லும். தட்டு வெளியே வரும் டிரைவில்தான் போட வேண்டும். வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும் வகை டிரைவில் போட்டால் சிக்கிக்கொள்ளும்.

ஏற்றிய பிறகு

ஒவ்வொரு ஃபைலையும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்திலாவது ஓட்டிப் பாருங்கள். முடிந்தவரை டேப்பில் எழுதியிருந்த குறிப்பையே ஃபோல்டரின் பெயராக வையுங்கள். கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்திருக்கலாம். கையால் எழுதிய தேதிதான் பல நேரம் உண்மை.

அசைவுகளில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால், அது இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரியாக, பதிவானதன் அடையாளம், கோளாறு அல்ல. மூல ஃபைலில் அதைத் திருத்தாதீர்கள். மொபைலில் பார்க்கவும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவும், வேகமான வேறொரு கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளால், கோடுகளை நீக்கிச் சுருக்கிய எம்பி4 நகல் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். 13 ஜிபி மூலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம்.

பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் நிரந்தர வீடு அல்ல. அதற்கும் வயதாகிவிட்டது. அன்றன்றைக்கு ஏற்றியதை இரண்டு வெளி டிஸ்குகளில் நகல் எடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள். கம்ப்யூட்டரில் யூஎஸ்பி 1.1 மட்டும் இருந்தால் ஒரு டேப்பை நகல் எடுக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைப்பது வேகம்.

டேப்புகளை எறிய வேண்டாம். முழுதாகச் சுற்றி, பெட்டிக்குள் போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். ஏற்றி முடித்த டேப்பின் முதுகில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த டேப்பை எடுங்கள்.